சோதனைத் துண்டு

திரையில் அவள் சுடர்ந்துகொண்டிருந்தாள்.
முதுகுப் பக்கம் விளக்கேற்றி வைத்தால்
எவள்தான் சுடர மாட்டாள்?
இருபத்தாறு அடுக்குகளில் நான் வரைந்த தவமலர்
பாயான் லெப்பாஸ் ஆலையில் இரவு வேலை முடித்து
விடியலில் பஸ்ஸுக்கு நிற்கிறாள்.
கன்னத்தில் தெருவிளக்கின் மிச்சம்.
கழுத்தடியில் மூன்று இரவு தேடிப் பிடித்த ஒரு பழுப்பு.

காகிதத்துக்கு உள்விளக்கு கிடையாது.
மேலே விழுகிற வெளிச்சத்தில் கொஞ்சம் விழுங்கி
மீதியைத் திருப்பித் தருவதோடு சரி.
இது தெரியாமலா போனேன் கார்னவன் ஸ்திரீட்டுக்கு?
தெரியும்.
மேகத்தைப் பார்த்தபடியே
குடையை வீட்டில் விட்டுப் போவதில்லையா, அப்படி.

முதல் தாளில் தவமலர் வரவில்லை.
ஒரு கரிக்கட்டைக்கு இரண்டு கண்கள்.
கூந்தலும் கழுத்தும் இரவும் ஒரே மை.

"இருட்டா இருக்கே, ஆட்டோ தட்டிடவா?"
கேட்கும்போதே தட்டிவிட்டான் செங் வீ.

இரண்டாம் தாளில் ஒரு பெண் வந்தாள்.
சிவந்த கன்னம், பால் ஊற்றிய நெற்றி,
சோப்பு விளம்பரத்திலிருந்து வழி தவறி
பஸ் நிறுத்தத்துக்கு வந்துவிட்டவள்.
"அழகு" என்றான் மனசார.
அழகுதான்.
யாரென்றுதான் தெரியவில்லை.

அவன்மேல் கோபமில்லை.
அந்தப் பொத்தானைச் செய்தவன்
எந்த ஊர் முகங்களைப் பார்த்துச் செய்தானோ,
நிழல் என்றாலே பிழை என்று
யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் அதற்கு.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.
மடிக்கணினியின் வெளிச்சத்தைப் பாதிக்கும் கீழே இறக்கினேன்.
அன்றுதான் என் படத்தை உள்ளபடி பார்த்தேன்.
கரிதான்.
மெஷின் பொய் சொல்லவில்லை.
கன்ன எலும்பின் கீழ் ஒரு மிடறு வெளிச்சம் விட்டேன்,
கூந்தலில் சுண்டுவிரல் அகலத்துக்கு நீலம்.
கழுத்தைத் தொடவில்லை.
பளபளப்புத் தாளை எடுத்துவிட்டுப் பருத்தித் தாள் வைத்து,
அந்தத் தாளுக்கும் அந்த மைக்கும் பொருந்திய நிறக்கோப்பை
எங்கெங்கோ தேடி ஏற்றினான் செங் வீ.
இப்போது அவனுக்கும் பிடிவாதம் வந்துவிட்டது.

முழுத் தாள் அறுபது வெள்ளி.
துண்டு நாலு வெள்ளி.
ஆகவே துண்டு துண்டாக வந்தாள் தவமலர்:
தோட்டோடு ஒரு காது,
பாதிக் கன்னம்,
உதட்டோரம், கூடவே பஸ்ஸின் சக்கரம்.
ஒவ்வொன்றையும் தூக்கிக்கொண்டு
ஐந்தடிப் பாதைக்கு ஓடினோம்,
கடைக் குழல்விளக்கு பச்சை கலந்துவிடும் என்பதால்.
பக்கத்துக் கடைக்கு ஊதுவத்திப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தவர்
தன் முழங்கையைத் துண்டுக்குப் பக்கத்தில் நீட்டி
"செகப்பு பத்தல" என்றார், யாரும் கேட்காமலே.
பார்த்தோம்.
பத்தவில்லை.

ஏழாவது துண்டில் நின்றேன்.
புளியங்கொட்டை என்று எழுத வந்த கையை
அடக்கிக்கொள்கிறேன்.
அது அவள் கழுத்து, அவ்வளவுதான்.

முழுத் தாள் வந்தது, கூடவே மழையும்.
ஈரக் காற்றில் ஓரம் சுருளப் பார்த்தது.
"ஒரு ராத்திரி காயட்டும், நிறம் இன்னும் அடங்கும்."
காயவிட்டோம்.
மறுநாள் இரண்டு அட்டைகளுக்கு நடுவே படுக்கவைத்து
ரெலாவ் அடுக்குமாடியின் பதினோராம் மாடிக்குத் தூக்கிப் போனேன்.
லிஃப்ட் வேலை செய்தது. நல்ல சகுனம்.

தூங்கி எழுந்த கண்ணோடு தவமலர்
நெடுநேரம் படத்தைப் பார்த்தாள்.
நான் கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
தாளில் ஒரு தடவை, நேரில் ஒரு தடவை.

"பஸ் நம்பர் தப்பு" என்றாள்.
"இதுல ஏறினா பத்து பெரிங்கிதான். கடல்ல எறக்கி விட்டுருவான்."

படத்தைச் சுவரில் சாய்த்தாள்.
அட்டைக்குள்ளிருந்து நழுவி விழுந்த ஏழாவது துண்டை,
காது மடலும் கழுத்தும் மட்டும் உள்ளதை,
குனிந்தெடுத்துக் கைபேசி உறைக்குள் செருகிக்கொண்டாள்.

"மாத்தாத. இருக்கட்டும்.
ஒரு நா ஏறித்தான் பாப்பமே."